பிள்ளைகள் எழுத வேண்டியதை நான் எழுதிய நான்கு மாதங்கள்

போன வருடம் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பதினேழு பிள்ளைகளோடு ஓர் இசை நாடகம் போட்டோம். ஐம்பது நிமிடம், வசனமே கிடையாது, தொடக்கம் முதல் முடிவு வரை பாட்டுதான். தைப்பூசம் முடிந்த வாரம் தொடங்கி செப்டம்பர் கடைசியில் மேடை ஏறினோம். மொத்தச் செலவு 9,020 வெள்ளி (ரிங்கிட்). அதில் 4,450 வெள்ளி யாருக்கும் உதவாமல் போனது. முதல் நான்கு மாத உழைப்பும் அதோடு போனது. நான் ஒரு கிளினிக்கில் கணக்கு எழுதுகிறவள். சனி, ஞாயிறுகளில் வீட்டில் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். பணத்தை இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதியின் மூன்றாம் கணக்கிலிருந்து எடுத்தேன். எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற கணக்கு என்பதால் யோசிக்காமல் கை வைத்துவிட்டேன். நாடகம் நடத்திய அனுபவம் எனக்கு இல்லை, விசாரிக்கவும் ஆள் தெரியவில்லை. யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிப் பணம் மிஞ்சியிருக்கும். அந்த நாலு வார்த்தையை வேறு யாருக்காவது நான் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கதை என் அம்மாவைப் பெற்ற பாட்டியுடையது. சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். ஜப்பான்காரன் காலத்தில், 1943இல், விடியற்காலைப் பிரட்டில், அதாவது வேலையாட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடத்தில், பெயர் வாசித்து, மூன்று மாத வேலை, முடிந்ததும் திரும்பிவிடலாம் என்று சொல்லி அவருடைய முதல் கணவரைச் சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, ரயிலேற்றினார்கள். அவர் வரவே இல்லை. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை. 1942 நடுவில் தொடங்கி, 1943 அக்டோபர் 17ஆம் தேதி இரண்டு பக்கத்துத் தண்டவாளமும் வந்து சேர்ந்தன. மலாயாவிலிருந்து போனவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல், அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். அந்த வருடத்து மழைக்காலத்தில் காலரா வந்து முகாம் முகாமாகச் செத்தார்கள். பாட்டி இதையெல்லாம் சரித்திரமாகச் சொன்னதில்லை. வெற்றிலை இடிக்கும்போது இரண்டு வரி ஒப்பாரி வரும், அப்புறம் பேச்சு மாறிவிடும். இப்போது அந்தத் தோட்டமும் பாமாயில் எடுக்கும் செம்பனை ஆகிவிட்டது, தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களை இடித்துவிட்டார்கள். அங்கே இருந்தவர்களின் பேரப் பிள்ளைகள் டவுனைச் சுற்றியுள்ள தாமான் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். ஆறு பிள்ளைகளிடம் சயாம் ரயில் பற்றிக் கேட்டேன். ஒருவனுக்கு மட்டும் பெயர் தெரிந்திருந்தது.

இதை ஏன் பேச்சு நாடகமாகப் போடாமல் பாட்டாகவே போட வேண்டும் என்று பலரும் கேட்டார்கள். பாட்டி அதைப் பாட்டாகத்தான் வைத்திருந்தார், அதுதான் காரணம். இப்படி முழுக்கப் பாட்டாகவே நடக்கும் நாடகத்தை ஓபரா என்றவுடன் நமக்கு அந்நியமான சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் கதையைக் கீர்த்தனைகளும் சிந்தும் கண்ணிகளுமாகக் கட்டியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். பெரிய புராணத்தில் இல்லாத வேதியர் ஒருவரைச் சேர்த்து, பண்ணையாள் முதலாளியிடம் லீவு கேட்பதையே கதையின் மையமாக்கினார். தோட்டத்துக்காரர்களுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியிடம் லீவு கேட்டு நின்றவர்கள்தானே நாம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் சிறுவர்களை வைத்தே ஒரு நாடக சபை தொடங்கினார். பிள்ளைகள் மூன்று, நான்கு மணி நேரம் பாடி நடித்தார்கள். மேற்கத்திய ஓபராவில் தாளக்கட்டு இல்லாமல் பேச்சுப்போலப் பாடிக் கதையை நகர்த்துவார்கள். நம் மேடையில் அந்த வேலையைத் தொகையறாவும் விருத்தமும் செய்தன. அந்தத் தெம்பில்தான் இறங்கினேன்.

முதல் தப்பு அங்கேயே நடந்தது. தைப்பூச விடுமுறையில் நானே உட்கார்ந்து ஒன்பது பாட்டு எழுதினேன். கல்யாணி, முகாரி, சுபபந்துவராளி என்று ராகம் ராகமாகப் போட்டேன். கணவனைப் பிரிந்த காட்சியில் “பிரிவெனும் பெருந்துயர்க் கடலில் அமிழ்ந்தேன்” என்று ஒரு பல்லவி. எழுதும்போது அழுதேன், நன்றாக வந்திருக்கிறது என்று மனதார நம்பினேன். கோயில் தேவார வகுப்பிலும் என் மாணவர்கள் மூலமாகவும் இருபத்திரண்டு பிள்ளைகள் வந்தார்கள், பதின்மூன்றிலிருந்து பதினேழு வயது வரை. தாள்களைக் கொடுத்தேன், பாடிக் காட்டினேன், திருப்பிப் பாடச் சொன்னேன். பாடினார்கள். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த அமைதியை நான் ஒழுக்கம் என்று எடுத்துக்கொண்டேன். மூன்றாவது வாரம் பதினாறு பேர், ஆறாவது வாரம் பதினொரு பேர். வராதவர்களுக்கு போன் போட்டால் டியூஷன், காய்ச்சல், பாட்டி வீடு என்று பதில் வரும். பிள்ளைகள் பொய் சொல்லத் தொடங்கிவிட்டால், நாம் கொடுக்கும் வேலையில் அவர்களுக்கு இடம் இல்லை என்று அர்த்தம். அது எனக்கு அப்போது புரியவில்லை.

இரண்டாவது தப்பு குரல். எனக்குப் பாட வசதியான சுருதி ஐந்தரைக் கட்டை. எல்லாப் பாட்டையும் அந்தச் சுருதியில் கட்டினேன். பாட்டியின் கணவராக நடித்த பையனுக்குப் பதினைந்து வயது. பிப்ரவரியில் என்னோடு சேர்ந்து மேல் ஷட்ஜம் தொட்டவன், ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை வாயைத் திறந்தான், குரல் இரண்டாகப் பிளந்தது. இன்னொரு தடவை முயன்றான், அதே இடத்தில் அதே பிளவு. பின்னாலிருந்து இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் தாளை மடித்துப் பெஞ்சில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். பழைய நாடகக்காரர்கள் இதை மகரக்கட்டு என்பார்கள். அந்தக் காலத்துப் பால சபைகளில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட் போட்டுப் பேர் வாங்கிய பையன்கள் மகரக்கட்டு வந்த மாதமே வேஷம் போய் நின்றிருக்கிறார்கள். புத்தகத்தில் படித்து எனக்குத் தெரிந்த விஷயம்தான். என் முன்னால் நிற்கும் பிள்ளைக்கும் வரும் என்று தோன்றவில்லை.

இளம் பிள்ளைகளை வைத்துப் பாட்டு நாடகம் போட நினைக்கிறவர்கள் முதல் நாளே ஒவ்வொருவரையும் தனியாகப் பாடச் சொல்லி, சிரமமில்லாமல் எங்கிருந்து எங்கே வரை போகிறது என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பையன்களுக்கு மாதம் ஒரு முறை திரும்பப் பாருங்கள். குரல் மாறிக்கொண்டிருக்கும் பையனுக்குச் சில மாதங்கள் ஐந்தாறு சுரம்தான் நிலையாக நிற்கும். பாட்டை அந்த ஐந்தாறு சுரத்துக்குள் அமைத்தால் அவன் பாடுவான். சுருதியைக் கீபோர்டில் ஏற்றி இறக்கிச் சமாளிக்கலாம் என்று நானும் பார்த்தேன், அவனுக்கு இறக்கினால் கூடப் பாடும் பெண் பிள்ளைகளின் குரல் கிணற்றுக்குள் போகிறது. கத்திப் பாட வைக்கவே கூடாது, தொண்டை கட்டினால் அந்த வாரம் ஓய்வு கொடுங்கள். சிரித்தவர்களையும் அன்றே நிறுத்திப் பேச வேண்டும். நான் பேசாமல் விட்டேன். அவனைத் திரும்ப அழைத்துவர எனக்கு ஏழு வாரம் ஆனது.

பணம் போன வழியையும் சொல்லிவிடுகிறேன். மார்ச் மாதம் ஈப்போவில் ஒரு ஸ்டூடியோவில் பின்னணி இசையைப் பதிவு செய்தேன், 1,800 வெள்ளி. எல்லாம் என் ஐந்தரைக் கட்டையில், என் வேகத்தில். ஒரு நிமிடம்கூட மேடையில் ஒலிக்கவில்லை. பதிவு செய்த இசை பிள்ளைக்காக நிற்காது, ஒருத்தி வரியை மறந்தால் அது போய்க்கொண்டே இருக்கும். புதுப் பிள்ளைகளோடு போகும்போது ஆர்மோனியமோ கீபோர்டோ நேரில் வாசிக்கும் ஒரு மனிதர் போதும். அடுத்தது உடை. யார் எந்த வேஷம் என்று முடிவாகும் முன்பே பன்னிரண்டு செட் தைக்கக் கொடுத்தேன், 1,150 வெள்ளி. பிள்ளைகள் குறைந்து, வேறு பிள்ளைகள் வந்து, இருப்பவர்களும் வளர்ந்து, பாதிக்கு மேல் யாருக்கும் சேரவில்லை. கடைசியில் போட்டது வீட்டிலிருந்த பழைய கைலியும் வேட்டியும் தாத்தாமார்களின் சட்டையும்தான், அதுதான் பொருத்தமாகவும் இருந்தது. வண்ணத் திரைச்சீலை கூட விசாரித்து வைத்திருந்தேன். நல்ல வேளையாக அதற்குள் கை காய்ந்துவிட்டது.

ஒலிபெருக்கிக்காரருக்குக் கொடுத்த 1,500 வெள்ளிதான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. ஜூலையில் நாடகம் என்று நினைத்து, தெரிந்தவர் மூலமாக ஒருவரிடம் ரொக்கமாக முன்பணம் கொடுத்தேன். ரசீது கேட்கக் கூச்சமாக இருந்தது, “நம்மாளு, எங்க போயிடுவாரு” என்றார்கள். மே மாதம் தேதியை மாற்றச் சொல்ல அழைத்தேன், நம்பர் வேலை செய்யவில்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டிப் புகார் கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஆனால் காட்டுவதற்கு என்னிடம் ஒரு காகிதமும் இல்லை, வாட்ஸ்அப்பில் ஒரு வரியும் இல்லை. சொந்தக்காரரானாலும் பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். அனுப்பிய பிறகு “இன்ன தேதி நிகழ்ச்சிக்கு முன்பணம் இவ்வளவு அனுப்பியிருக்கிறேன், தேதி மாறினால் என்ன செய்வோம்” என்று ஒரு செய்தி போட்டுப் பதில் வாங்கி வையுங்கள். கேட்கக் கூச்சப்பட்ட ஒரு ரசீதுக்காக நான் மூன்று வாரம் தூக்கம் கெட்டேன்.

ஜூன் பள்ளி விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை ஐந்தே பேர் வந்தார்கள். நான் எதுவும் நடக்காததுபோல் முகாரியைத் தொடங்கினேன். பதினாலு வயதுப் பெண் ஒருத்தி, பாட்டி வேஷம் போட்டவள், கையைத் தூக்கினாள். “டீச்சர், கோவிச்சுக்காதீங்க. பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க பாட்டி இப்படிப் பேசவே மாட்டாங்க. கடல்ல அமிழ்ந்தேன்னா எங்க பாட்டி கடலையே பார்த்ததில்ல லா.” எனக்குச் சுருக்கென்று வந்தது. நாலு மாதமாக உழைக்கிறேன், இபிஎஃப் பணத்தைப் போட்டிருக்கிறேன், இந்தச் சின்னப் பிள்ளை என்ன சொல்கிறது என்று கோபம் வந்தது. வகுப்பை முடித்துவிட்டுக் காரில் உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்குப் போகும் வழியில் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினேன். அங்கே நிற்கும்போதுதான் பாட்டியின் அந்த இரண்டு வரி ஒப்பாரி ஞாபகம் வந்தது. அதில் கடல் இல்லை. பால் வடியும் மங்கு இருந்தது, பால் தூக்கும் காண்டா வாளி இருந்தது, மர வரிசையான நிறை இருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஒன்பது பாட்டையும் ஓர் உறையில் போட்டு ஒட்டி மேசையில் வைத்தேன். “இது போகட்டும். கதை மட்டும் என் பாட்டியோடது. பாட்டு உங்களோடது. எப்படித் தொடங்கலாம், நீங்க சொல்லுங்க” என்றேன். ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. மகரக்கட்டுப் பையனை அன்று அவன் வீட்டுக்கே போய், “நீ பாட வேண்டாம், வந்து எழுதிக் கொடு” என்று கூட்டி வந்திருந்தேன். அவன்தான் முதலில் வாயைத் திறந்தான். “அவரு போனப்புறம் அவரோட உளிய யாரு எடுத்துக்கிட்டாங்க?” எனக்குப் பதில் தெரியவில்லை. நாற்பத்தைந்து வருடம் அந்தக் கதையோடு வாழ்ந்த எனக்கு அந்தக் கேள்வி வந்ததே இல்லை. பால் வெட்டும் கத்தி கம்பெனியுடையதா, அவருடையதா, பாட்டி அதை வைத்து வெட்டினாரா? ஆளுக்கொரு கேள்வியாக இருபத்தாறு கேள்விகள் எழுதினார்கள். கேட்கப் போனால் யாரிடம் போவது என்று அவர்களே பட்டியல் போட்டார்கள்.

ஐந்து வீடுகளுக்குப் போனோம். மூன்று மூன்று பேராகத்தான் அனுப்ப வேண்டும், கூட்டமாகப் போனால் பெரியவர்கள் பேசமாட்டார்கள். போனில் பதிவு செய்யும் முன் “பாட்டி, பதிவு பண்ணலாமா, நாடகத்துல சேர்க்கலாமா” என்று கேட்டு, அந்த “சரி”யையும் பதிவில் வைத்துக்கொள்ள வேண்டும். அழுதால் நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொடுத்து வேறு பேச்சுப் பேச வேண்டும், “அப்புறம் என்னாச்சு” என்று விரட்டக் கூடாது. எண்பத்தேழு வயதுப் பாட்டி ஒருவர், அப்பா போனபோது அவருக்கு ஐந்து வயது. பிள்ளைகள் எழுதியிருந்த வரியைப் படித்துக் காட்டினார்கள். அதில் புருஷன் ரயிலில் தின்ன மனைவி முறுக்கு சுட்டுக் கொடுக்கிறாள். பாட்டி சொன்னார், “முறுக்கா? அரிசி எங்கடி இருந்துச்சு அப்ப? மரவள்ளிதான். அதுவும் நேத்து அவிச்சது.” பிள்ளைகள் அங்கேயே தரையில் உட்கார்ந்து வரியை மாற்றினார்கள். கடைசியில் மேடையில் பாடியது இதுதான்:

மூணு மாசம் வேலையின்னு மூட்டை கட்டிப் போனவரே
மரவள்ளி அவிச்ச சூடு மடியில் இன்னும் ஆறலையே

இந்த இரண்டு வரிக்கு மெட்டு வந்த விதத்தை விவரமாகச் சொல்கிறேன், வேறு யாருக்காவது உதவும். முதலில் வரியை மெட்டில்லாமல், பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல் நாலைந்து பேரைச் சொல்லச் சொன்னோம். எந்த இடத்தில் குரல் தானாக ஏறுகிறது, எங்கே மூச்சு வாங்குகிறது என்று மற்றவர்கள் பென்சிலால் கோடு போட்டார்கள். எல்லார் தாளிலும் “மடியில்” என்ற இடத்தில் குரல் இறங்கியிருந்தது. பிறகு அந்த ஏற்ற இறக்கத்தையே கொஞ்சம் பெரிதாக்கி இழுத்துச் சொல்ல வைத்தோம், பத்து நிமிடத்தில் அது பாட்டாகிவிட்டது. கேட்டால் தெம்மாங்கு. நான் ஆர்மோனியத்தில் தேடிப் பிடித்தேன், மோகனத்தின் ஐந்து சுரத்துக்குள் அடங்கியது. நான் செய்தது அவ்வளவுதான். மெட்டு பிறந்த நிமிடமே போனில் பதிவு செய்துவிடுங்கள், “அப்புறம் செய்யலாம்” என்று விட்டு இரண்டு நல்ல மெட்டுகளை இழந்தோம், அடுத்த வாரம் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. பதிவின் பெயரில் யார் யார் சேர்ந்து செய்தது, என்ன தேதி என்பதையும் போடுங்கள். பின்னால் “இது என் மெட்டு” என்று சண்டை வரும், வந்தது. சினிமா மெட்டில் வரி போடப் பிள்ளைகளுக்கு ஆசை இருக்கும். பயிற்சிக்குச் செய்யட்டும், மேடைக்கு வேண்டாம். இந்த நாட்டுச் சட்டப்படி பாட்டை ஆக்கியவரின் ஆயுளுக்கும் அதன் பிறகு ஐம்பது ஆண்டுக்கும் உரிமை உண்டு. அதே சட்டம் நம் பிள்ளைகளின் பாட்டுக்கும் பொருந்தும். எழுதியோ பதிவு செய்தோ வைத்த கணமே அது அவர்களுடையது.

விஷயம் பரவி, வராமல் நின்றவர்களில் ஆறு பேர் திரும்பினார்கள். கூடவே நான் எதிர்பார்க்காத ஆறு பேர் வந்தார்கள், உருமி மேளம் அடிக்கிற பையன்கள். அந்தப் பையன்களை ஊரில் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் பார்த்திருந்தேன். மகரக்கட்டுப் பையன்தான் கூட்டி வந்தான். ரயில் சத்தத்துக்கு என்ன செய்வது என்று பேச்சு ஓடியது. ஒருவன் எதுவும் சொல்லாமல் உருமியை மடியில் வைத்து, வளைந்த குச்சியால் தோலை மெதுவாகத் தேய்த்தான். பாரம் ஏற்றிய பெட்டி பிரேக் போட்டு நிற்கும் முனகல் அப்படியே வந்தது. பக்கத்திலிருந்தவன் காலி வாளியைக் கவிழ்த்து விரலால் தட்டித் தண்டவாள ஓட்டத்தைப் பிடித்தான். எனக்குக் கை சிலிர்த்துவிட்டது. 1,800 வெள்ளிப் பதிவில் ரயில் சத்தத்துக்காக மட்டும் ஒரு மணி நேரம் செலவழித்தவள் நான். உருமி உள்ளே அடித்தால் பாட்டு கேட்காது, அவர்களை மண்டபத்துக்கு வெளியே வாசல் பக்கம் நிறுத்தினோம், ரயில் தூரத்திலிருந்து வருவதுபோல் அமைந்தது. ஒன்று கவனிக்க வேண்டும், ஆடி மாதத்தில் கோயில் திருவிழாக்கள் வரிசையாக வரும், அந்தப் பையன்கள் கிடைக்கமாட்டார்கள். பயிற்சி அட்டவணை போடும் முன் கோயில் காலண்டரையும் பள்ளித் தேர்வுக் காலண்டரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படிவம் ஐந்து பிள்ளைகள் நான்கு பேர் இருந்தார்கள், பள்ளியிறுதித் தேர்வான எஸ்பிஎம்மின் முன்னோட்டத் தேர்வு சமயத்தில் அவர்களை வரச் சொல்லி வற்புறுத்தவில்லை. நீளப் பாட்டு அவர்களுக்கு வேண்டாம் என்று முதலிலேயே பிரித்துவிட்டோம்.

பார்வையாளர்களைப் பாட வைத்தது இன்னொருவரிடம் கற்றது. 1949இல் இங்கிலாந்தில் பெஞ்சமின் பிரிட்டன் சிறுவர்கள் நடிக்க ஓர் ஓபரா அமைத்தார். புகைபோக்கி சுத்தம் செய்ய விற்கப்பட்ட ஒரு சிறுவனை மற்றப் பிள்ளைகள் ஒளித்துக் காப்பாற்றும் கதை. முதல் பகுதியில் ஓபரா தயாராவதையே நாடகமாகக் காட்டி, வந்திருக்கும் கூட்டத்துக்கும் நான்கு பாட்டு சொல்லிக்கொடுத்து, பிறகு எல்லாரும் சேர்ந்து பாடுவார்கள். நாங்கள் ஒரே ஒரு பாட்டு வைத்தோம், பிரட்டில் பெயர் வாசிக்கும் பாட்டு. பெயர் வாசித்ததும் கூட்டம் “இருக்கேங்க” என்று இழுத்துப் பாட வேண்டும். கதை சொல்லிக் கூட்டத்தோடு பேசும் கட்டியங்காரனாக வந்த பெண் நாடகம் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் பழக்கிவிட்டாள்.

இனி பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. பாட்டு எழுதுவதில் மூழ்கியிருந்த நான் இதையெல்லாம் ஜூலை வரை தொடவே இல்லை. பெற்றோரை ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும், குழுச் செய்தி போதாது. ஓர் அப்பா, “பொம்பளப் புள்ளய கூத்தாட அனுப்புறதா?” என்று வாசலிலேயே நிறுத்தினார். நான் வாதாடவில்லை. எத்தனை மணிக்கு முடியும், யார் வேனில் கொண்டுவந்து விடுவார்கள், கூடவே எந்தப் பெண்மணி இருப்பார் என்று மூன்றையும் எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்து, “இத மொதல்லயே சொல்லியிருந்தா என்னா?” என்றார். பல வீட்டில் தயக்கத்துக்குக் காரணம் கலை மேலுள்ள வெறுப்பு இல்லை, இரவு ஏழு மணிக்குப் பிள்ளை எப்படி வீடு சேரும் என்ற பயம்தான். வேனுக்கு 1,080 வெள்ளி ஆனது, வேன் வந்த பிறகு வராமல் நின்றவர்கள் கிட்டத்தட்ட இல்லை. சாப்பாட்டுக்கு 1,840. வளரும் பிள்ளைகள் நாலு மணி நேரம் பாடினால் பிஸ்கட் போதாது, நாசி லெமாக்கோ மீகூனோ வயிறு நிறையக் கொடுக்க வேண்டும். வீட்டில் மதியம் சாப்பிடாமல் வந்த பிள்ளைகள் இருந்தார்கள், அதை யாரும் கண்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. படம் எடுக்க, வெளியில் போட, பெற்றோரின் கையெழுத்து வாங்குங்கள். பொது நிகழ்ச்சி என்பதால் போலீஸ் நிலையத்துக்கும் நகராண்மைக் கழகத்துக்கும் கடிதம் கொடுத்தோம், இரண்டு இடத்திலும் முத்திரை குத்திய நகல் வாங்கிக்கொண்டோம். அதற்குக் குறைந்தது ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். புது ஒலிபெருக்கிக்காரருக்கு 1,200, மண்டப வாடகை 300, நகல், முத்திரை, பேட்டரி என்று சில்லறை 150. இந்த ஐந்திலும் ஒரு சென் வீணாகவில்லை.

மண்டபத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காலை பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்து, கை தட்டி எதிரொலி சோதித்து, நன்றாக இருக்கிறது என்று எடுத்தேன். தகரக் கூரை. நிகழ்ச்சி மாலை நாலரைக்கு. ஐந்து பத்துக்கு மழை கொட்டியது, இரண்டாம் காட்சியில் பாட்டி வேஷம் போட்டவள் “மரவள்ளி” என்று தொடங்கியது முன் வரிசைக்கே கேட்கவில்லை. மைக்கை ஏற்றினால் கீச்சிட்டது. நான் ஓரத்தில் நின்று எல்லாம் போயிற்று என்றே நினைத்தேன். கட்டியங்காரப் பெண் என்னைப் பார்க்கவே இல்லை. கையைக் காட்டிப் பாட்டை நிறுத்தினாள், வேஷத்தோடு மேடை விளிம்பில் உட்கார்ந்தாள், மற்றவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். இருபத்தைந்து நிமிடம். சில குடும்பங்கள் எழுந்து போனார்கள், எனக்கு வலித்தது. எண்பத்தேழு வயதுப் பாட்டி முன் வரிசையில் இருந்தார். மழைச் சத்தத்தில் பிள்ளைகள் அவர் பக்கம் குனிந்து காது கொடுத்திருந்தார்கள், என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. மழை குறைந்ததும் இரண்டாம் காட்சியை முதலிலிருந்து தொடங்கினார்கள். பிரட்டுப் பாட்டில் பெயர் வாசிக்கும்போது, தாளில் இல்லாத ஒரு பெயரைக் கட்டியங்காரப் பெண் வாசித்தாள். முன் வரிசையிலிருந்து ஒரே ஒரு குரல், “இருக்கேங்க” என்றது. அது அந்தப் பாட்டியின் அப்பா பெயர்.

தகரக் கூரை மண்டபமானால் மதியத்துக்கு முன் நிகழ்ச்சியை வையுங்கள், எங்கள் பக்கம் மழை பெரும்பாலும் மாலையில்தான் வரும்.

நன்கொடையாக 2,300 வெள்ளி திரும்பி வந்தது, மீதியை மாதாமாதம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். உளி கேள்வி கேட்ட பையன் இப்போது ஈப்போவில் பகுதி நேர வேலைக்குப் போகிறான், ஞாயிறு மட்டும் வருகிறான். அவன் குரல் ஒரு கட்டைக்கு இறங்கி உட்கார்ந்துவிட்டது, நல்ல கனமான குரல். இந்தத் தடவை, பால் வெட்டப் போனவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையைப் பற்றி ஏதோ எழுதுகிறார்களாம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள், நான் உள்ளே போனால் தாளைக் கவிழ்க்கிறார்கள். நான் வேன்காரரிடம் பேசி மார்ச் வரை சனிக்கிழமைகளுக்குத் தேதி வாங்கிவிட்டேன், முன்பணத்துக்கு ரசீதும் வாங்கிவிட்டேன்.